மீனிங் டீச்சர்

லூர்துராணி அந்தப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கால். பூங்கா பெஞ்சின் முன்னங்கால், இடது பக்கத்துக் கால்.

எடமலைப்பட்டி புதூரில் வீரமலையின் பட்டறை எங்கே என்று கேட்டால் எல்லாரும் கை காட்டுவார்கள். கேட், கிரில், தாழ்ப்பாள், மாடிப்படிக் கைப்பிடி என்று இரும்பில் செய்யக்கூடியது எல்லாம் அங்கே செய்வார்கள். ஒரு கண்காட்சியில் அவர் கடை போட்டிருந்தபோது இங்கிலாந்துக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்து, தங்கள் ஊர்ப் பூங்காக்களுக்கு இரும்புச் சட்டத்தில் மரப்பலகை பதித்த பெஞ்சு செய்துதர முடியுமா என்று கேட்டார்கள். வீரமலை முடியும் என்றார். என்ன கேட்டாலும் முடியும் என்பது அவர் வழக்கம்.

அந்தக் கம்பெனியிலிருந்து மெயில் எழுதுகிறவர் டெஸ்மண்ட் என்ற வயதான மனிதர். முதல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் அவரிடமிருந்து ஒற்றை வரி வந்தது. 'பிரேக் எ லெக்!' கணக்கு பார்க்கும் நவநீதன் அதை செல்போனில் போட்டு மொழிபெயர்த்தான். 'ஒரு காலை உடையுங்கள்' என்று வந்தது.

பட்டறையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "உறுதி பாக்கச் சொல்றாங்க. எந்தக் கால்னு கேட்டுப் போடு," என்றார் வீரமலை.

நவநீதன் கேட்டான். டெஸ்மண்ட் சிரிக்கிற பொம்மை முகம் ஒன்றைப் போட்டு, உங்கள் விருப்பம் என்று பதில் எழுதினார். வெல்டர் நவ்ஷாத் பிஸ்மில்லா சொல்லி கிரைண்டரை எடுத்தார். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தபோது பெஞ்சு மூன்று காலில் சாய்ந்து நின்றது. நாலாவது கால் தாம்பாளத்தில் சிவப்புத் துணிமேல் அவருக்காக வைக்கப்பட்டிருந்தது.

அந்த வாரமே வீரமலை இங்கிலீஷ் டீச்சர் தேட ஆரம்பித்தார்.

லூர்துராணி அப்போது வேலை இல்லாமல் இருந்தார். அவர் பாடம் எடுத்துக்கொண்டிருந்த தனியார் பள்ளி மூடப்பட்டு, அந்தக் கட்டடத்தில் டைல்ஸ் கடை வந்திருந்தது. கணவர் அற்புதசாமிக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. வீடு திருவானைக்காவல். இரண்டு பஸ் மாறி இன்டர்வியூவுக்கு வந்தார். வீரமலை சான்றிதழ் எதையும் பார்க்கவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்.

"'பிரேக் எ லெக்'னா என்னங்க டீச்சர்?"

"நல்லபடியா நடக்கட்டும்னு வாழ்த்துறது சார். மேடை ஏறப்போறவங்களுக்குச் சொல்லுவாங்க."

"வாழ்த்துறதுக்கு எதுக்குங்க காலை உடைக்கணும்?"

"நல்லதை வாய்விட்டுச் சொன்னா கண்ணு பட்டுரும்னு பயம் சார். அதனால கெட்டதைச் சொல்லிடறது."

"அப்ப அவங்களுக்கும் திருஷ்டி உண்டா?"

"உண்டு போலிருக்கு சார்."

அது வீரமலைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அன்றைக்கே மேசை, நாற்காலி, தனி ஃபேன். பட்டறையில் அவருக்குப் பெயர் 'மீனிங் டீச்சர்' என்று ஆயிற்று.

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் மீனிங் மீட்டிங் நடந்தது. லூர்துராணி மெயிலைப் படித்து அர்த்தம் சொன்ன பிறகுதான் மெஷினைப் போட வேண்டும் என்பது சட்டம். டெஸ்மண்டும் சலிக்காமல் தீனி போட்டார். உடம்பு சரியில்லாத நாளில் வானிலைக்கு அடியில் இருப்பதாக எழுதுவார். பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமென்றால் முதல் கட்டத்துக்குத் திரும்புவோம் என்பார். ஒருமுறை 'டோன்ட் கட் கார்னர்ஸ்' என்று எழுதிவிட்டார். பெஞ்சின் முனைகளை மழுக்கிக்கொண்டிருந்த நவ்ஷாத், "முனையை வெட்டக் கூடாதுங்கிறாங்களே," என்று கிரைண்டரை அணைத்துவிட்டார். லூர்துராணி ஓடிப்போய், ஏனோதானோ என்று வேலை செய்யாதீர்கள் என்றுதான் சொல்கிறார், நீங்கள் மழுக்குங்கள் என்றார். அன்றைக்கு மட்டும் அவர் இல்லையென்றால் இங்கிலாந்தில் எத்தனை முழங்கால் கிழிந்திருக்குமோ.

அவர் அர்த்தம் சொல்லும் முறையே தனி.

"அல்வா குடுத்துட்டான்னு சொல்றோம்ல? யார் கையிலயாவது அல்வா இருக்கா?"

"இல்லைங்க டீச்சர்," என்று எல்லாரும் சொல்வார்கள்.

"காது குத்தாதடான்னா கம்மல் போடப் போறோமா?"

"இல்லைங்க டீச்சர்."

"அந்த மாதிரிதான் இதுவும். வார்த்தையைப் பாக்காதீங்க, சொல்றவரு மனசைப் பாருங்க."

இதையே இரண்டு வருஷம் கேட்ட வீரமலை தனக்கென்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். வெள்ளைக்காரன் எழுதுவதற்கும் நினைப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. அப்புறம் அதை வெள்ளைக்காரனோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. மின்வாரியத்திலிருந்து வந்த நோட்டீஸை டீச்சர் மேசையில் வைத்தார். மச்சான் போனில் "சௌக்கியமா?" என்று கேட்டதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தார்.

மற்றவர்களும் வரிசையில் நின்றார்கள். டீ போட்டு, கூட்டிப் பெருக்கும் வேலம்மாள் ஒருநாள் விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"டீச்சர், பொண்ணு பாத்துட்டுப் போனவங்க, சொல்லி அனுப்புறோம்னாங்க. அதுக்கு என்ன அர்த்தங்க?"

லூர்துராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலம்மா..."

"தெரியும் டீச்சர். உங்க வாயால கேட்டா மனசு ஆறும்னுதான்."

அந்தப் பட்டறையில் அர்த்தம் சொல்லத் தேவையே இல்லாத வார்த்தை ஒன்று உண்டு. வீரமலையின் "பாக்கலாம்." பெண்கள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. புதூர் முழுக்கத் தாழ்ப்பாள் செய்துகொடுக்கும் பட்டறை அது. லூர்துராணி உள்ளே போனால் வேலம்மாள் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். வேலம்மாள் போனால் டீச்சர் பிடிக்க வேண்டும். டீச்சர் சேர்ந்த முதல் மாதத்திலிருந்து இருவரும் தாழ்ப்பாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் "பாக்கலாங்க டீச்சர்" என்ற பதில் வந்தது.

இப்படியிருக்கையில் டெஸ்மண்ட் தன் பூட்ஸைக் கழற்றி மாட்டப் போவதாக எழுதினார். ஓய்வு பெறுகிறார் என்று லூர்துராணி அர்த்தம் சொன்னார். பட்டறையே வருத்தப்பட்டது. நவ்ஷாத், "நல்ல மனுஷன், ஒரு வார்த்தையும் நேரா பேசினதில்ல," என்றார்.

அவர் இடத்துக்கு ஹன்னா என்ற பெண் வந்தாள். வந்தது வினை.

ஹன்னா எழுதிய முதல் மெயில்: 'பெயிண்ட் பச்சை நிறத்தில் வேண்டும்.'

லூர்துராணி படித்துவிட்டுக் கீழே வைத்தார். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"சொல்லுங்க டீச்சர்."

"பச்சை பெயிண்ட் வேணுமாம்."

"அது வார்த்தை. அர்த்தம்?"

"அதேதான் சார் அர்த்தம்."

வீரமலை நவநீதனைப் பார்த்தார். நவநீதன் மேற்கூரையைப் பார்த்தான். அன்று முழுக்க பச்சை என்றால் விவசாயம் என்றும், கம்பெனியில் புதுசு என்று அந்தப் பெண் தன்னையே சொல்லிக்கொள்கிறாள் என்றும் பேச்சு ஓடியது. கடைசியில் வேறு நிறம் கேட்டு ஆள் அனுப்பியும், பெயிண்ட்கடைக்காரர் பச்சை டப்பாவையே தவறுதலாகக் கொடுத்தனுப்பியதால் அந்த முறை தப்பித்தார்கள்.

அதற்கப்புறம் வந்த மெயில்களும் அப்படியே. ஒரு வரியில் ஒரு விஷயம். அர்த்தம் சொல்ல ஒன்றுமில்லாமல் லூர்துராணி உட்கார்ந்திருந்தார். டீச்சருக்குப் பழைய சரக்கு தீர்ந்துவிட்டது என்று நவநீதன் லேத் பக்கம் போய்ச் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. மீனிங்குக்கென்றே ஒரு ஆன்லைன் கோர்ஸ் இருப்பதாக அவன் முதலாளியிடம் சொல்லியிருந்தான். ஃபேனை அவர் மேசைக்கும் நவநீதன் மேசைக்கும் நடுவில் திருப்பிவைத்தார்கள். லூர்துராணிக்கு அதன் அர்த்தம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் அந்தத் திங்கட்கிழமை மெயில் வந்தது.

புதிய பெஞ்சின் முதல் பீஸ் தயாராகி ஆபீசில் நின்றது. வீரமலை பட்டறையில் முதல் பீஸ் என்றால் அதற்குத் தனி மரியாதை. மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, பிளாஸ்டிக் கவரால் மூடி கிழக்குப் பார்த்து வைப்பார்கள். வெள்ளிக்கிழமை பூ உண்டு. அதில் யாரும் உட்காரக் கூடாது. கைகூட ஊன்றக் கூடாது. விற்கப்போகிற பொருளில் செய்தவன் உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பது வீரமலையின் அப்பா காலத்திலிருந்து வருவது. கட்டில் செய்தபோதும் அப்படித்தான். ஊஞ்சல் செய்தபோதும் அப்படித்தான்.

லூர்துராணி மெயிலைப் படித்தார்.

'போன முறை வேறு இடத்தில் வாங்கிய பெஞ்சுகளில் வயதானவர்களால் உட்கார முடியவில்லை. தயவுசெய்து நீங்கள் எல்லாரும் உங்கள் பெஞ்சில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று உண்மையாகச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். அதை வைத்துத்தான் ஆர்டர் யாருக்கு என்று முடிவு செய்வேன்.'

"இது அர்த்தமுள்ள மெயில்," என்றார் வீரமலை. முகத்தில் ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளிச்சம். "பெஞ்சுல உக்காருன்னு எவனாவது சொல்லுவானா? எங்க வலிக்குதுங்கிறா பாருங்க. ரேட்டு வலிக்குதுன்னு சொல்றா. குறைக்கச் சொல்றா!"

"இல்ல சார். நிஜமாவே உக்காரச் சொல்றாங்க."

"டீச்சர், நீங்கதானே சொன்னீங்க, வார்த்தையைப் பாக்காதீங்கன்னு?"

"அது டெஸ்மண்டுக்கு சார். இந்தப் பொண்ணு அப்படி இல்ல. மனசுல என்ன இருக்கோ அதையே எழுதுது."

பட்டறை சிரித்தது. நவ்ஷாத்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நவநீதன் பதிலைத் தயாரித்துக் கொண்டுவந்தான். 'எங்கும் வலிக்கவில்லை. மிகவும் வசதியாக இருக்கிறது. விலையில் குறைத்துக்கொள்கிறோம்.' வீரமலை, வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து அனுப்பலாம் என்றார்.

அந்தப் பதில் போனால் ஆர்டர் போய்விடும் என்று லூர்துராணிக்குத் தெரிந்தது. ஆர்டர் போனால் பட்டறை பழையபடி கிரில் கேட்டுக்குத் திரும்பும். கிரில் கேட்டுக்கு எதற்கு மீனிங் டீச்சர்?

மறுநாளும் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினார், தமிழில் எழுதிக் காட்டினார். அகராதியைக் கொண்டுவந்து, பெஞ்சு என்றால் பெஞ்சு என்று வீரமலைக்குக் காட்டினார். வீரமலை பரிதாபமாகப் பார்த்தார். "டீச்சர், ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்களேன். வேளாங்கண்ணி போயிட்டு வாங்க. மனசு தெளியும்."

வீட்டில் அற்புதசாமியிடம் சொன்னார். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, "ராணி, உக்காருன்னா உக்கார வேண்டியதுதானே?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கணவருக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார் லூர்துராணி. ஆனால் அற்புதசாமி முதலாளி இல்லையே.

புதன்கிழமை கழிவறைக்குள் இருந்தபடியே புலம்பினார். வெளியே வேலம்மாள் கதவை இழுத்துப் பிடித்திருந்தாள்.

"உள்ளதை உள்ளபடி சொல்றேன் வேலம்மா. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க."

"உள்ளதைச் சொன்னா எப்படி நம்புவாங்க? ரெண்டு வருஷமா நீங்கதானே பழக்கினீங்க?"

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?"

"காலை உடைக்கிறதுக்கே அன்னைக்கு ஒரு அர்த்தம் சொன்னீங்களாமே. திருஷ்டி, அது இதுன்னு. உக்கார்றதுக்கு ஒண்ணு சொல்ல முடியாதா?"

வேலம்மாள் கதவைத் தட்டினாள்.

"டீச்சர்? இருக்கீங்களா?"

"விடு வேலம்மா, வெளிய வரேன்," என்றார் லூர்துராணி.

நேரே வீரமலையிடம் போனார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சார், தப்பு பண்ணிட்டேன். அர்த்தம் இப்பதான் பிடிபட்டுச்சு. இங்கிலாந்துல ஒரு வழக்கம். புதுப் பொருள் ஊரைவிட்டுப் போறதுக்கு முந்தி, செஞ்சவங்க எல்லாரும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் அதுல உக்காரணும். பொருள்மேல இருக்கிற திருஷ்டி உக்கார்றவங்க உடம்புல வலியா வந்து இறங்கும். எங்க வலிக்குதோ, அந்த இடத்துல பெஞ்சுமேல சாக்பீஸால வட்டம் போடணும். வட்டத்தைப் படம் எடுத்து வாங்கறவங்களுக்கு அனுப்பணும். அப்பத்தான் வாங்குவாங்க. மறைச்சா அவங்களுக்கு ஆகாது."

வீரமலையின் கண்கள் விரிந்தன. "அதானே பாத்தேன்!" என்று மேசையைத் தட்டினார். "சும்மா உக்காருன்னு எவளாவது எழுதுவாளா? முதல் பீஸ்ல உக்காந்தா தப்பில்லையா டீச்சர்?"

"அவங்க முறைப்படி உக்காராட்டிதான் தப்பு சார்."

"டேய் நவநீதா! எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வா. சாக்பீஸ் ஒரு டப்பா."

வியாழக்கிழமை காலை பிளாஸ்டிக் கவரைப் பிரித்து பெஞ்சை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு காலுக்கும் எலுமிச்சம்பழம். நவ்ஷாத் முதலில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு. அரை மணி நேரம் கண்ணை மூடி இருந்துவிட்டு, கைப்பிடிப் பக்கம் தொடையைத் தடவினார். "இறங்குதுங்க டீச்சர். இங்க அழுத்துது." ஒரு வட்டம். வேலம்மாள் உட்கார்ந்து எழுந்தபோது போல்ட் தலையில் புடவை மாட்டியது. இன்னொரு வட்டம். வீரமலையின் மனைவி பொன்னுத்தாய் மூட்டு வலிக்காரி. உட்கார்ந்த பிறகு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

"உக்கார்றப்ப சுகமாத்தான் இருக்கு. எந்திரிக்கப் பிடிமானம் இல்ல. இந்தக் கைப்பிடியை இம்புட்டு உள்ள வெச்சவன் எவன்?"

"நான்தான்," என்றார் வீரமலை.

"வட்டத்தைப் போடுங்க."

தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். என்ன விசேஷம் என்று ஒருவர் கேட்க, வலி இறக்குகிறார்கள் என்று நவநீதன் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள். பகல் ஏறுவதற்குள் செய்தி காவிரியைத் தாண்டிவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"முதுகு வலிக்கு இங்க ஏதோ ஆசனம் பிரதிஷ்டை பண்ணியிருக்கேளாமே?"

"வாங்க மாமி, உக்காருங்க. எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க," என்றார் லூர்துராணி.

மாமி உட்கார்ந்து பார்த்துவிட்டு உடனே தீர்ப்புச் சொன்னார். "சாய்வு ஜாஸ்தி. இதுல உக்காந்துண்டு பாராயணம் பண்ண முடியாது, தூங்கத்தான் முடியும். பெருமாளே சயனம் பண்ணலாம்." சாய்மானத்தில் பெரிய வட்டமாகப் போட்டுவிட்டு, முதுகு தேவலை என்று சொல்லிக்கொண்டே ஆட்டோ ஏறினார்.

ராகு காலம் வந்ததும் வரிசை கலைந்தது. பெஞ்சு காலியாக நின்றது. நாள் முழுக்க என்று மெயிலில் இருக்கிறதே என்று வீரமலை கையைப் பிசைந்தார். "எனக்கு ராகு காலம் கிடையாது சார்," என்று லூர்துராணி போய் உட்கார்ந்தார். குள்ளமான உடம்பு. கால் தரையில் எட்டவில்லை. செருப்பு இரண்டும் கழன்று விழுந்தன. ஒரு வேலையும் இல்லாமல், யாருக்கும் எதையும் விளக்காமல் அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, உட்காரும் பலகையின் விளிம்பில் ஒரு வட்டம் போட்டார்.

வெயில் தாழ்ந்தபோது பெஞ்சில் மரம் பாதி, சாக்பீஸ் பாதி. வீரமலை சுற்றிச் சுற்றி வந்தார்.

"இவ்வளவு திருஷ்டியா நம்ம பெஞ்சுக்கு?"

"நீங்க இன்னும் உக்காரலையே சார்."

வீரமலை செருப்பைக் கழற்றினார். பெஞ்சைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் தான் செய்த பொருளில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். அப்புறம் குழந்தை மாதிரி டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், நிஜமாவே வலிக்குதே."

"எங்க சார்?"

"இங்க. நடு முதுகுல. பலகை இடைவெளி ஜாஸ்தி." சாக்பீஸை வாங்கி அவரே வட்டம் போட்டார்.

வெள்ளிக்கிழமை படங்களும் விவரமும் போயின. எலுமிச்சம்பழத்தை மட்டும் படத்தில் விழாமல் லூர்துராணி பார்த்துக்கொண்டார். நவநீதன் எழுதியிருந்த பதில் போகவில்லை. அதற்கப்புறம் வீரமலை ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் மெயில் வந்ததா என்று கேட்டார். மெயில் பஸ்ஸில் வராது என்று சொல்ல நவநீதனுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் பதில் வந்தது. மீட்டிங்கில் லூர்துராணி எழுந்து நின்று படித்தார்.

'நன்றி. மூன்று கம்பெனிகளிடம் கேட்டேன். மற்ற இரண்டு பேரும் மிகவும் வசதியாக இருக்கிறது என்று எழுதினார்கள். நீங்கள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வட்டம் போட்ட இடங்களையெல்லாம் மாற்றி வரைபடம் அனுப்பியிருக்கிறேன். ஆர்டர் உங்களுக்குத்தான். ஜனவரியில் நானே வந்து இரண்டு நாள் உங்கள் பட்டறையில் இருப்பேன்.'

பட்டறையில் ஒரே கைதட்டல். நவ்ஷாத் விசிலடித்தார். நவநீதன் எழுந்து போய், ஃபேனைப் பழையபடி டீச்சர் பக்கம் திருப்பிவைத்தான். சத்தம் அடங்கியதும் வீரமலை நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி டீச்சர். கடைசி வரிக்கு அர்த்தம் சொல்லுங்க. ஜனவரியில நானே வரேங்கிறாளே?"

"வர்றாங்கன்னு அர்த்தம் சார்," என்று சொல்ல லூர்துராணி வாயெடுத்தார். வீரமலை அதை நம்பப்போவதில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஆபீஸ் வாசலில் வேலம்மாள் டீத் தட்டோடு நின்றாள். டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லூர்துராணி மெயிலைப் பொறுமையாக மடித்தார்.

"இதுல ஆழமான அர்த்தம் இருக்கு சார்."

"அப்படிச் சொல்லுங்க!"

"ரெண்டு நாள் இருப்பேன்னு ஒரு பொம்பளை எழுதினா, இங்கிலாந்து வழக்கப்படி அதுக்கு ஒரே அர்த்தம்தான். வர்ற இடத்துல கழிவறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும். நல்ல கனமான தாழ்ப்பாள். இல்லாட்டி வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசல்ல நிறுத்தின மாதிரி."

வீரமலை மெயிலை வாங்கி அந்த வரியை உற்றுப் பார்த்தார். "இதுக்குள்ள இவ்வளவு இருக்கா?" என்று நவநீதனிடம் காட்டினார். நவநீதன் படித்துப் பார்த்துவிட்டு, டீச்சரைப் பார்த்தான், வேலம்மாளைப் பார்த்தான். "இருக்குதுங்க முதலாளி," என்றான்.

"நவ்ஷாத் பாய்! எல்லா வேலையையும் நிறுத்துங்க!"

மத்தியானத்துக்குள் தாழ்ப்பாள் ஏறிவிட்டது. கோட்டைக் கதவுக்குப் போடுகிற கனத்தில் நவ்ஷாத் செய்திருந்தார். முதலில் போகும் உரிமையை லூர்துராணி வேலம்மாளுக்கு விட்டுக்கொடுத்தார். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் 'டக்' என்று விழுந்தது. லூர்துராணி பழக்க தோஷத்தில் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெகுநேரம் ஆகியும் வேலம்மாள் வெளியே வரவில்லை.

"வேலம்மா? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க டீச்சர். தாழ்ப்பாள் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

உள்ளேயிருந்து மறுபடியும் 'டக்' என்று கேட்டது.